ஓர் அச்சுப்பொறி, பல கணிப்பொறிகள்

ஒரு சிறிய பள்ளிக்கூடத்தின் அலுவலக அறையைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவருவோம். அங்கே நான்கு கணிப்பொறிகள் இருக்கின்றன, அச்சுப்பொறியோ ஒன்றே. ஒருவர் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறார். மற்றொருவர் வருகைப் பட்டியலைத் தொகுக்கிறார். வேறொருவர் தேர்வுக் கட்டணத்தைக் கணக்கிடுகிறார். எழுதியது தாளில் ஏறவேண்டுமாயின், ஒவ்வொருவரும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, அச்சுப்பொறி இணைந்திருக்கும் அந்த ஒரே மேசையை நாடிச் செல்லவேண்டும். அங்கு அமர்ந்திருப்பவர் தம் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து இடம் தரவேண்டும். பென் டிரைவோடு வைரஸும் உடன் வந்து குடியேறும். அந்தக் கணிப்பொறி பழுதுற்றாலோ, அதற்குரியவர் விடுப்பிற் சென்றுவிட்டாலோ, நான்கு மேசைகளின் வேலையும் நின்றுவிடும். சான்றிதழை எதிர்பார்த்து வாயிலில் நிற்கும் தந்தையோ, கல்லூரியில் சேர்வதற்கு இன்றே கடைசி நாள் என்கிறார். அறையில் கணிப்பொறிக்குக் குறைவில்லை, மைக்குக் குறைவில்லை, தாளுக்கும் குறைவில்லை. ஆயினும் அவர் வெறுங்கையுடன் நிற்கிறார்.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்கென்றே ஏற்பட்ட சாதனம் பிரிண்ட் சர்வர், அதாவது அச்சுச் சேவையகம். அறையிலுள்ள கணிப்பொறிகள் யாவும் தத்தம் பணிகளை வலையமைப்பின் வழியே இதற்கு அனுப்பும். இஃது அவற்றை அச்சுப்பொறியிடம் சேர்ப்பிக்கும். எந்த மேசைக்கும் அச்சுப்பொறி சொந்தமன்று. எல்லா மேசைகளுக்கும் அது பொது. இத்தகைய சேவையகத்தை மிகக் குறைந்த மென்பொருளைக் கொண்டு அமைப்பது எங்ஙனம், அதனால் விளையும் நன்மை யாது, அதற்கு நாம் கொடுக்கவேண்டிய விலை யாது என்பவற்றை இவ்வுரையில் ஆராய்வோம்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது நலம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பாலோ ஆல்ட்டோ நகரில் இயங்கிய ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்னும் அறிஞர் 1971ஆம் ஆண்டில் லேசர் ஒளியால் அச்சிடும் பொறியை உருவாக்கிக் காட்டினார். அதிலிருந்து வளர்ந்த அமைப்பு, வினாடிக்கு ஒரு பக்கம் வீதம் அச்சிட வல்லதாயிருந்தது. அவ்வளவு விரைவுள்ள, அவ்வளவு விலையுயர்ந்த யந்திரத்தை ஒருவர் மேசைக்கு மட்டும் உரியதாக வைப்பது பொருந்துமா? அதே நிலையத்தில் தோன்றிய ஈதர்நெட் என்னும் வலையமைப்பின் வாயிலாக அது பலருக்கும் பொதுவாயிற்று. பல கணிப்பொறிகளுக்கு ஓர் அச்சுப்பொறி என்னும் ஏற்பாடு அன்று தொடங்கியது.

பின்னர், பணிகளை அச்சுப்பொறிக்கு அனுப்பும் முறைகள் பலவாகப் பெருகின. அவற்றுள் மூன்றை நாம் அறிந்துகொண்டாற் போதும். வலையமைப்பில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் எனப்படும் ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலுக்கு ஓர் எண் உண்டு. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வழியில் பிறந்த எல்.பி.டி. என்னும் முறை 515ஆம் எண் வாயிலைப் பயன்படுத்துகிறது. அதன் விதிகள் 1990இல் ஆவணமாக வெளியிடப்பட்டன. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் ஜெட் டைரக்ட் என்னும் வலையமைப்புக் கருவிகளால் பரவியது 9100ஆம் எண் வாயில். மூன்றாவது, இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால் எனப்படும் ஐ.பி.பி. முறை, இதற்குரிய வாயில் 631. இம்மூன்றனுள் 9100ஆம் வாயிலே மிக எளியது. அங்கே விசாரணையும் இல்லை, விடையும் இல்லை. வருகிற எழுத்துக்களை வந்த வரிசையிலேயே அச்சுப்பொறிக்குள் செலுத்துவதன்றி வேறு விதி ஒன்றும் அதற்குக் கிடையாது.

லினக்ஸ் கணிப்பொறிகளில் அச்சுப் பணியை மேற்கொள்ளும் மென்பொருள் பெரும்பாலும் கப்ஸ் என்பதாகும். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997இல் தொடங்கிய இப்பணியின் உரிமையை ஆப்பிள் நிறுவனம் 2007இல் பெற்றது. இன்று ஓப்பன் பிரிண்டிங் என்னும் அமைப்பு லினக்ஸுக்கான வடிவத்தைப் பேணி வளர்க்கிறது. கப்ஸ் மிகத் திறமையுடையது. பணிகளை வரிசைப்படுத்தும், யார் எத்தனை பக்கம் அச்சிட்டார் என்று கணக்கு வைக்கும், பி.டி.எஃப். ஆவணத்தையும் படத்தையும் அச்சுப்பொறிக்குப் புரியும் மொழியில் பெயர்க்கும். கைத்தொலைபேசியிலிருந்து வரும் பணியையும் ஏற்கும். இத்தனையும் அது தனித்து நின்று செய்வதில்லை. ஆவணத்தைப் பெயர்க்க வடிகட்டிகள் என்னும் ஒரு தொகுதி வேண்டும். அவ்வடிகட்டிகளுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற மென்பொருள் வேண்டும். வலையமைப்பில் தன்னை அறிவித்துக்கொள்ள ஆவாஹி என்னும் சேவை வேண்டும். அவை ஒவ்வொன்றிற்கும் வேறு பல நூலகங்கள் வேண்டும். ஒரு விருந்தினரை அழைத்தோம். அவருடன் அவர் சுற்றத்தார் அனைவரும் வந்து அமர்ந்தனர் என்பது போன்றது இது. இவ்வாறு ஒன்றை நிறுவும்போது உடன் வரவேண்டியவற்றைச் சார்பு மென்பொருள் என்கிறோம்.

சுற்றத்தார் பலர் வருவதில் குற்றம் என்ன என்று சிலர் வினவக்கூடும். வட்டில் இடம் பிடிப்பது மட்டுமே குற்றமாயின் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், நிறுவப்பட்ட ஒவ்வொரு மென்பொருளும் வீட்டிற்கு வைத்த ஒரு கதவாகும். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். தாழ்ப்பாள் துருப்பிடித்தால் மாற்றவேண்டும். மாற்றவேண்டும் என்று நினைவில் வைத்திருக்க ஒருவர் வேண்டும். சிறிய பள்ளியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், கிராமத்து நூல் நிலையத்திலும் அந்த ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

அச்சிடும் மென்பொருள் சாதுவானது, அதனால் யாருக்குத் தீங்கு என்று எண்ணுதல் தவறு. ஈரானின் அணுத் தொழிற்சாலையைக் குறிவைத்ததாகக் கருதப்படும் ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் 2010இல் வெளிப்பட்டபோது, அது பரவுவதற்குப் பயன்பட்ட வழிகளுள் ஒன்று விண்டோஸின் அச்சுப் பணி வரிசைச் சேவை என்று தெரியவந்தது. அதே சேவையில் 2021ஆம் ஆண்டு வேறொரு பெருங்குறை கண்டறியப்பட்டது. பிரிண்ட் நைட்மேர், அதாவது அச்சுக் கொடுங்கனவு, என்று அதற்குப் பெயர் வைத்தனர். மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஒருபோதும் ஒரு தாளையும் அச்சிடாத தலைமைச் சர்வர்களிலும் அச்சுச் சேவை வாளா இயங்கிக்கொண்டிருந்தமையே அக்குறையின் அபாயத்தைப் பன்மடங்காக்கிற்று. லினக்ஸிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. வலையமைப்பிலுள்ள அச்சுப்பொறிகளைத் தானே தேடிச் சேர்க்கும் கப்ஸ் ப்ரௌஸ்டு என்னும் துணைச் சேவை, எங்கிருந்து வரும் செய்தியையும் நம்பி ஏற்றுக்கொள்கிறது என்றும், அவ்வாறு புகும் போலி அச்சுப்பொறிக்கு ஒருவர் பணி அனுப்பினால் பகைவர் விரும்பும் கட்டளை நிறைவேறக்கூடும் என்றும் 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. இவற்றுக்கெல்லாம் திருத்தங்கள் வந்துவிட்டன. எனினும் அவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. தேவையில்லாத சேவைக்குத் திருத்தம் தேடுவதினும் அதை நிறுவாதிருப்பதே எளிது.

இனி, எளிய அமைப்புக்கு வருவோம். பி910என்டி என்று ஒரு சிறு நிரல் இருக்கிறது. கென் யாப் என்பவர் எழுதியது. யாவரும் பெற்றுப் படித்துத் திருத்தும் உரிமையுடன் வெளியிடப்பட்டது. வட்டே இல்லாத கணிப்பொறிகளில் இயங்கவேண்டும் என்பது இதன் நோக்கம். ஆதலால் வரும் பணியை இது எங்கும் சேமித்து வைப்பதில்லை. 9100ஆம் வாயிலில் காத்திருக்கும், வருவதை யூ.எஸ்.பி. கம்பியின் வழியே அச்சுப்பொறிக்குள் அப்படியே செலுத்தும்; அவ்வளவே. இதன் உருவம் நூறு கிலோபைட்டையும் எட்டாது. சி மொழியின் அடிப்படை நூலகத்தையன்றி இது வேறு துணையை நாடுவதும் மிக அரிது.

இதற்கு ஏற்ற இல்லம் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இயக்க அமைப்பாகும். லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி 54ஜி என்னும் கம்பியில்லா ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் 2003இல் கண்டறிந்தனர். லினக்ஸின் உரிம விதிப்படி அதன் மூல நிரலை அந்நிறுவனம் வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு 2004இல் தோன்றிய இத்திட்டம், தன் பெயரிலேயே அந்தக் கருவியின் நினைவைத் தாங்கி நிற்கிறது. இன்று இதனைப் பல நிறுவனங்களின் ரௌட்டர்களில் நிறுவலாம். புதிய பதிப்புகளுக்கு 8 மெகாபைட் நிலைநினைவும் 64 மெகாபைட் இயங்கு நினைவும் குறைந்த அளவாக வேண்டும். அதற்கு மேல் இருப்பின் நலம். இவற்றுடன் யூ.எஸ்.பி. துளை ஒன்றும் இருத்தல் அவசியம். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய ரௌட்டருக்கு மறுவாழ்வு கொடுப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இராது.

ஆனால், கையில் எடுத்தவுடன் பழைய மென்பொருளை அழித்துவிடலாகாது. ஒரே பெயரில் விற்கப்படும் ரௌட்டர்களுக்குள்ளே உறுப்புகள் மாறுபட்ட பல வடிவங்கள் உண்டு. அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அவ்வடிவ எண் அச்சிடப்பட்டிருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தார் வெளியிடும் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி, அதற்கே உரிய கோப்பைத்தான் ஏற்றவேண்டும். தவறான கோப்பை ஏற்றினால் ரௌட்டர் செயலற்ற செங்கல்லாகிவிடும். மேலும், இணையச் சேவை தரும் நிறுவனம் வீட்டிலும் அலுவலகத்திலும் வைத்திருக்கும் ரௌட்டரைத் தொடாமல், தனியான ஒரு ரௌட்டரை இப்பணிக்கு எடுத்துக்கொள்வதே முறை.

அமைக்கும் வழி வருமாறு. ஓப்பன்டபிள்யூஆர்டி நிறுவப்பட்டதும் அந்த ரௌட்டர் 192.168.1.1 என்னும் முகவரியுடன் விழித்தெழும். அலுவலகத்தின் முதன்மை ரௌட்டருக்கும் அதே முகவரி இருக்கக்கூடும். ஒரே கதவெண்ணில் இரு வீடுகள் இருந்தால் தபால்காரர் திகைப்பதைப் போல வலையமைப்பும் திகைக்கும். ஆகையால் புதியதற்கு 192.168.1.50 போன்ற வேறு முகவரியை நிலையாக அளிக்கவேண்டும். அம்முகவரி வேறு எந்தக் கருவிக்கும் வழங்கப்படாதபடி முதன்மை ரௌட்டரிலும் ஒதுக்கி வைக்கவேண்டும். மற்றக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பணியைப் புதிய ரௌட்டரில் நிறுத்திவிடவேண்டும். ஓர் அலுவலகத்தில் முகவரி வழங்குபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். வெளியே செல்லும் வழியாகவும், பெயர்களுக்கு முகவரி கூறுவதாகவும் முதன்மை ரௌட்டரின் எண்ணைக் குறிக்கவேண்டும்; இல்லையெனில் தொகுப்புகளை இணையத்திலிருந்து பெற இயலாது. இவ்வளவும் செய்தபின், இரண்டு ரௌட்டர்களின் லேன் துளைகளையும் ஒரு கம்பியால் இணைக்கலாம்.

அடுத்து இரண்டு தொகுப்புகளை மட்டும் நிறுவவேண்டும். ஒன்று, யூ.எஸ்.பி. அச்சுப்பொறியை அடையாளங்காணும் லினக்ஸ் கருநிரல் பகுதி. மற்றொன்று, நாம் மேலே கூறிய பி910என்டி. அச்சுப்பொறியைச் செருகி மின்விசையைத் தந்தால், சாதனக் கோப்புகள் இருக்கும் இடத்தில் எல்பி0 என்னும் பெயருடன் ஒரு கோப்பு தோன்றும். லினக்ஸில் சாதனங்களும் கோப்புகளைப் போலவே காட்சியளிக்கும். அக்கோப்பில் எழுதுவது அச்சுப்பொறியில் எழுதுவதற்கு ஒப்பாகும். அக்கோப்பு தோன்றாவிடில் மேலே செல்வதில் பயனில்லை. கம்பியையும் தொகுப்பையும் மீண்டும் சரிபார்க்கவேண்டும்.

பி910என்டியின் அமைப்புக் கோப்பில் நாம் கவனிக்கவேண்டிய வரிகள் நான்கே. எந்தச் சாதனம் என்பது முதல் வரி. அங்கே எல்பி0 இருத்தல் வேண்டும். வாயில் எண் இரண்டாவது. இங்கே பலர் தவறுவர். பூஜ்யம் என்று எழுதினால் 9100, ஒன்று என்று எழுதினால் 9101 என்பது இதன் கணக்கு; 9100 என்று முழுமையாக எழுதுதல் கூடாது. அச்சுப்பொறி பேசுவதைத் திரும்பக் கேட்கவேண்டுமா என்பது மூன்றாவது. கேட்பது நல்லதே, ஆயினும் சில அச்சுப்பொறிகள் அதனால் தடுமாறும், அவற்றுக்கு இவ்வரியில் பூஜ்யம் இடுக. நான்காவது, சேவை இயங்கவேண்டுமா என்பது. அதில் பூஜ்யம் இருப்பின் ஒன்று என மாற்றுக. பின்னர், ரௌட்டர் ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் இச்சேவை தானே தொடங்குமாறு பதிவு செய்துவிட்டால் சேவையகம் ஆயத்தமாகிவிடும்.

இனி கணிப்பொறிகளின் பக்கம். விண்டோஸில் புதிய அச்சுப்பொறியைச் சேர்க்கும்போது டி.சி.பி. ஐ.பி. முகவரி வழியாகச் சேர்க்கும் முறையைத் தேர்ந்து, 192.168.1.50 என்னும் முகவரியையும், ரா என்னும் வகையையும், 9100 என்னும் எண்ணையும் தரவேண்டும். லினக்ஸிலும் மாக்கிலும் சாக்கெட் அல்லது ஜெட் டைரக்ட் என்னும் வகையைத் தேர்ந்து, அதே முகவரியைக் கொடுக்கவேண்டும். பிறகு அந்த அச்சுப்பொறிக்கு உரிய டிரைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இவ்விடத்தில்தான் நம் சிக்கனத்தின் உண்மையான விலை தெரியவருகிறது. அச்சுப்பொறிகள் பல மொழிகளைப் பேசுகின்றன. சில, அடோபி நிறுவனம் வகுத்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அறியும்; சில, ஹியூலெட் பேக்கார்டின் பி.சி.எல். மொழியை அறியும். மலிவான பல பொறிகளோ எம்மொழியையும் அறியா. பக்கத்தைப் புள்ளிகளாகப் பிரித்து, இன்ன இடத்தில் மை, இன்ன இடத்தில் வெறுமை என்று கணிப்பொறியே ஊட்டவேண்டும். இந்த மொழிபெயர்ப்பை யாராவது ஒருவர் செய்துதான் தீரவேண்டும். பெரிய சேவையகத்தில் கப்ஸ் அதைச் செய்கிறது. நம் சிறிய ஏற்பாட்டில் ஒவ்வொரு மேசைக் கணிப்பொறியும் தானே செய்கிறது. எனவே சார்பு மென்பொருள் மறைந்துவிடவில்லை. சேவையகத்திலிருந்து மேசைக்கு இடம் பெயர்ந்தது. எளிமை என்பது பல சமயங்களில் சுமையை எங்கே வைப்பது என்னும் தீர்ப்பேயாகும்.

இத்தீர்ப்பு நியாயமானதா என்பதைச் சிறு கணக்கால் காண்போம். ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 8.27 அங்குலம், உயரம் 11.69 அங்குலம். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் வீதம் கருப்பு வெள்ளையில் அச்சிடும்போது அகலத்தில் 4,962 புள்ளிகளும் உயரத்தில் 7,014 புள்ளிகளும் அமையும். பெருக்கினால் ஒரு பக்கத்திற்கு 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு பைட் என்று கொண்டால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 43 லட்சம் பைட் ஆகும். இத்தனை புள்ளிகளையும் எழுத்துருவிலிருந்தும் படத்திலிருந்தும் கணக்கிட்டு வரைவது, 64 மெகாபைட் நினைவுள்ள ரௌட்டருக்கு முதுகொடிக்கும் வேலை. மேசையிலிருக்கும் கணிப்பொறிக்கோ அது நொடிப் பொழுதின் வேலை. கணக்கிடும் வேலையை வல்லவரிடமும், சுமந்து சேர்க்கும் வேலையை எளியவரிடமும் ஒப்படைக்கிறோம். இப்பங்கீட்டில் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது.

மற்றொரு சிக்கலையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஹியூலெட் பேக்கார்டின் லேசர்ஜெட் 1018, 1020 போன்ற பழைய அச்சுப்பொறிகள் தம்மை இயக்கும் ஃபர்ம்வேர் என்னும் உள்நிரலைத் தமக்குள் நிலையாக வைத்திருப்பதில்லை. மின்விசை தரும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறி அதனைப் புதிதாக ஊட்டவேண்டும். மின்சாரம் போய் வந்தால் அச்சுப்பொறி தன் பாடம் முழுவதையும் மறந்துவிடும். விளக்கு எரியும், ஆனால் தாள் நகராது. நேற்று வரை நன்றாயிருந்தது இன்று கெட்டுவிட்டதே என்று அலுவலகத்தார் மனம் கலங்குவர். இதற்குப் பரிகாரம் உண்டு. அந்த உள்நிரற் கோப்பை ரௌட்டரில் ஒருமுறை வைத்துவிட்டு, யூ.எஸ்.பி. துளையில் அச்சுப்பொறி தோன்றும்போதெல்லாம் அதை எல்பி0 கோப்பில் எழுதிவிடும் சில வரிக் கட்டளையை அமைத்துக்கொள்ளவேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்டோ பி.சி.எல். மொழியோ அறிந்த அச்சுப்பொறியை வாங்கினால் இத்தொல்லை இராது. ஆகவே, புதிதாக வாங்குவோர் விலைச்சீட்டோடு அதன் மொழியையும் கேட்டு வாங்குதல் வேண்டும்.

அமைத்தபின் சோதித்துப் பார்ப்பது எப்படி? பி.சி.எல். மொழி அறிந்த பொறியாயின், சில வரிகள் கொண்ட ஆங்கில எழுத்துக் கோப்பை 9100ஆம் வாயிலுக்கு நேரே அனுப்பலாம். தாள் வெளிவரும்போது முதல் வரி இடப்புறத்திலும், அடுத்த வரி முதல் வரி முடிந்த இடத்திற்குக் கீழேயும், அதற்கடுத்தது இன்னும் வலப்புறத்திலுமாகப் படிக்கட்டுப்போல் எழுத்துக்கள் இறங்கினால் அஞ்சவேண்டாம். அதுவே வெற்றிக்கு அடையாளம். தட்டச்சுப் பொறியில் வேலை செய்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். தாளை ஒரு வரி மேலேற்றுவது ஒரு செயல். உருளையை இடப்புறத்துத் தொடக்கத்திற்குக் கொண்டுவருவது வேறொரு செயல். யூனிக்ஸ் வழியில் வந்த கோப்புகள் வரியின் முடிவில் முதற் செயலுக்கு மட்டுமே குறி வைக்கின்றன. அச்சுப்பொறி இரண்டையும் எதிர்பார்க்கிறது. தாள் வெளியே வராமல் உள்ளேயே நின்றால், பக்கத்தை வெளித்தள்ளும் குறி கோப்பின் இறுதியில் இல்லையென்று பொருள். டிரைவர் வழியாக அனுப்பும்போது இவ்விரு குறைகளும் தாமே நீங்கிவிடும். புள்ளிகளை மட்டுமே ஏற்கும் பொறியில் இச்சோதனை பலிக்காது. அதற்குரிய டிரைவரைக் கொண்டே சோதிக்கவேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 9100ஆம் வாயிலில் காவலன் இல்லை. பெயரும் கேட்பதில்லை, கடவுச்சொல்லும் கேட்பதில்லை. வலையமைப்பில் நுழைந்த எவரும் அச்சிடலாம். வழியிற் செல்லும் பணியும் மறைகுறியாக மாற்றப்படுவதில்லை. ஆகையால் இவ்வாயிலை எக்காரணங்கொண்டும் இணையத்திற்குத் திறந்துவிடலாகாது. வருவோர் போவோர்க்கெனக் கம்பியில்லா இணைப்பு இருப்பின், அது அலுவலக வலையமைப்பிலிருந்து தனியே பிரிந்திருக்கவேண்டும். அச்சுக்கென வைத்த ரௌட்டரில் வானொலி அலை தேவையில்லையாதலின் அதையும் நிறுத்திவிடலாம். ரௌட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வலிமையுடையதாக இருக்கவேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் புதிய பதிப்பு வரும்போது மாற்றிக்கொள்ளும் பொறுப்பும் நம்முடையதே. கதவுகள் குறைந்தனவேயன்றி, வீடே கதவற்றதாகிவிடவில்லை.

மேலும் நாம் இழப்பவை சில. சேவையகத்தில் வரிசை இல்லை. ஒருவர் பணி முடியும்வரை மற்றவர் பணி அவரவர் கணிப்பொறியிலேயே காத்திருக்கும். பணி முடியுமுன் அனுப்பியவர் தம் கணிப்பொறியை அணைத்துவிட்டால் அது பாதியில் நின்றுவிடும். யார் எத்தனை தாள் செலவிட்டார் என்னும் கணக்கும் கிடையாது. கைத்தொலைபேசியிலிருந்து அச்சிடவேண்டுமென்றாலோ, முப்பது நாற்பது பேர் ஒரே அச்சுப்பொறியை நம்பியிருந்தாலோ, மறைச் செய்திகளை அச்சிடும் அலுவலகமாயிருந்தாலோ இந்த ஏற்பாடு போதாது. அங்கே கப்ஸை நிறுவுவதே தகும். அப்போதும் சிக்கனத்தைக் கைவிடவேண்டியதில்லை. டெபியன் லினக்ஸில் ஒரு தொகுப்பை நிறுவும்போது, இன்றியமையாத சார்புகளோடு, பரிந்துரைக்கப்படும் துணைத் தொகுப்புகளும் இயல்பாகவே உடன் வரும். பரிந்துரைகள் வேண்டா என்று கட்டளையிலேயே கூறிவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அச்சுப்பொறிகளைத் தானே தேடும் சேவையைச் சேர்க்காமல் விடலாம்.

இழப்பைச் சொன்ன நாம் ஆதாயத்தையும் சொல்லவேண்டும். அச்சிடுவதற்கென்று ஒரு பழைய மேசைக் கணிப்பொறியை இரவு பகலாக இயக்கினால், 60 வாட் என்று கொண்டாலும் ஆண்டிற்கு ஏறத்தாழ 526 யூனிட் மின்சாரம் செலவாகும். 6 வாட்டில் இயங்கும் ரௌட்டருக்கு 53 யூனிட் போதும். அதனினும் பெரிய ஆதாயம் வேறு. ஓப்பன்டபிள்யூஆர்டியின் அடிப்படைப் பகுதி, எழுத முடியாத, படிக்க மட்டுமே கூடிய நிலையில் நினைவில் பதிந்திருக்கிறது. பி910என்டியோ எதையும் சேமிப்பதில்லை. ஆதலால் மின்சாரம் திடீரென்று நின்றாலும் பாதியில் எழுதப்பட்டுச் சிதையும் பணிக் கோப்பு ஒன்றும் அங்கே இல்லை. மின்சாரம் திரும்பியதும் ஓரிரு நிமிடங்களில் அது தன் பணியில் நின்றிருக்கும். முறையாக அணைத்தல், முறையாகத் திறத்தல் என்னும் சடங்குகள் அதற்கு இல்லை. மின்தடைக்குப் பழகிய நம் ஊர்களில் இது சிறிய நன்மையன்று.

இறுதியாக ஒரு வரலாற்று நிகழ்ச்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர் யாவருக்கும் செய்தி போகுமாறு அதன் நிரலை அவர் முன்னமே திருத்தியிருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி அங்கு வந்தது. அதிலும் தாள் சிக்கிற்று. ஆனால் அதன் மூல நிரலைத் தருவார் இல்லை. அதனைப் பெற்றிருந்த மற்றொரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும், பிறர்க்குத் தருவதில்லையென்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். பயன்படுத்துவோர்க்குத் திருத்தும் உரிமை இல்லாத நிரல் எத்தகைய தடை என்பதை அந்நிகழ்ச்சி தமக்கு உணர்த்தியதாக அவர் பின்னர்ப் பலமுறை கூறியிருக்கிறார். 1983இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்தே கட்டற்ற மென்பொருள் இயக்கம் வளர்ந்தது. நம் பழைய ரௌட்டரைத் திறந்து அதில் நமக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள இன்று இயல்வதும் அவ்வழி வந்த உரிமையாலேயே.

உரிமை கிடைத்தபின் கடமை ஒன்று எஞ்சுகிறது. சேவையகத்தை அமைத்தவர், அதன் முகவரி, வாயில் எண், அச்சுப்பொறியின் மொழி, டிரைவரின் பெயர், மின்சாரம் போய் வந்தால் செய்யவேண்டுவது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அச்சுப்பொறிக்கு மேலே சுவரில் ஒட்டிவைக்கவேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும். அமைப்பு சிறிதாயிருப்பதனால் அதன் முழு விவரமும் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். அமைத்தவர் மாற்றலாகிச் சென்ற பின்னும், அத்தாளைப் படித்து ஓர் எழுத்தரே அதனைச் சீர்படுத்தக்கூடும். அன்றைக்குச் சான்றிதழுக்காக வாயிலில் நிற்கும் தந்தை வெறுங்கையுடன் திரும்பமாட்டார்.